ஓர் ஊசியும் ஒரு நாள் பேரும்

சம்பளம், கிலோ, லயன் கூரை, காணி உறுதி. நமது ஏட்டின் தலையங்கம் வழக்கமாகப் பேசுவது இவற்றைப் பற்றித்தான். இம்முறை ஒரு நோயைப் பற்றி எழுதுகிறோம். அதன் பெயர் சிபிலிஸ். நமது பாட்டன் பாட்டிமார் மேகநோய் என்றும் கிரந்தி என்றும் தணிந்த குரலில் சொன்னது இதைத்தான். தொழிற்சங்க ஏட்டில் இதற்கு என்ன வேலை என்று சில வாசகர்கள் கேட்கக்கூடும். இது தொழிலாளரின் பேர் வெட்டப்படும் விஷயமும்தான் என்பதைக் கடைசிவரை படித்தால் அவர்களும் ஒத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறோம்.

யாழ்ப்பாணத்தில் உள்ள நமது காரியாலயத்துக்கு ஒரு நாள் பின்னேரம் ஒரு தோழர் வந்தார். மலையகத்துப் பிள்ளை. சுன்னாகப் பக்கம் மேசன் வேலைக்குக் கையாளாக நிற்கிறார். மனைவி ஊரில், தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். அப்போது நாலு மாதக் கர்ப்பிணி. கிளினிக்கில் எடுத்த இரத்தத்தில் சிபிலிஸ் இருப்பதாக முடிவு வந்துவிட்டது. கணவனும் வந்து இரத்தம் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவரோ வெட்கப்பட்டு, மருந்துக்கடையில் ஐந்து நாளுக்குக் குளிசை வாங்கி விழுங்கிவிட்டு, அதன் பிறகுதான் நம்மிடம் வந்தார்.

“அண்ணே, இத எங்க போயி யாருகிட்ட சொல்றதுன்னே தெரியல” என்றார்.

“பெரியாஸ்பத்திரிக்குப் போங்கோ தம்பி. பாலியல் நோய் கிளினிக் எண்டு கேளுங்கோ. கடிதம் ஒண்டும் தேவையில்லை, காசும் தேவையில்லை” என்று நமது செயலாளர் சொல்லி அனுப்பினார்.

அவர் போனார். இரத்தம் கொடுத்தார். ஊசியும் போட்டுக்கொண்டார். யாழ்ப்பாணத்தில் அவருடைய பங்கு அப்படிச் சுலபமாக முடிந்தது. தோட்டத்தில் அவருடைய மனைவி பட்ட பாடுதான் இந்தத் தலையங்கத்தை எழுத வைத்தது.

நோய் எப்போது தொற்றியது என்று தெரியாதபடியால், கிழமைக்கு ஒன்றாக மூன்று ஊசி போட வேண்டும் என்று அந்தச் சகோதரிக்குச் சொன்னார்கள். முதல் கிழமை போனார். அன்றைய பேர் போயிற்று. இரண்டாம் கிழமை மலையில் கொழுந்து நிறைந்து கிடந்த நேரம். “இன்னைக்குப் போகாத, அடுத்த கெழம பாத்துக்கலாம்” என்று பெரட்டில் சொல்லிவிட்டார்கள். என்ன நோய் என்று சொன்னால் லயனுக்கே தெரிந்துவிடும் என்ற பயத்தில் அவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாம் கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, இடையில் விட்டதால் மறுபடியும் முதலாவது ஊசியிலிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள். மூன்று ஊசியில் முடிய வேண்டியதற்கு நாலு ஊசி, நாலு பயணம். நாலு நாள் பேர் இல்லை.

இருவரும் சம்மதித்தபடியால் இதை எழுதுகிறோம். தோட்டத்தின் பெயரும் ஆஸ்பத்திரியின் பெயரும் வேண்டாம் என்றார்கள். பிள்ளை பிறந்து, பரிசோதித்துப் பார்த்து, சுகமாக இருக்கிறது.

இனி நோயைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் ஒவ்வொரு தோழரும் தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்லுவோம்.

சிபிலிஸ் என்பது சுருள் வடிவமான ஒரு கிருமியால் வருவது. பெரும்பாலும் உடலுறவால் தொற்றும். கர்ப்பிணித் தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். தொற்றி மூன்று கிழமையளவில் ஒரு புண் வரும். அது பொதுவாக வலிக்காது. மருந்து போடாவிட்டாலும் தானாக ஆறிவிடும். பிறகு உடம்பில், உள்ளங்கை உள்ளங்காலில்கூட, தடிப்புகள் வரலாம்; அவையும் மறைந்துவிடும். இந்த நோயின் சூழ்ச்சி அதுதான். சுகமாகிவிட்டது என்று ஆள் நினைத்திருக்க, கிருமி உள்ளே வருடக்கணக்காக இருந்து கடைசியில் இருதயத்தையும் மூளையையும் நரம்பையும் தாக்கலாம். தாய்க்கு மருந்து கொடுக்காவிட்டால் பிள்ளை வயிற்றிலேயே இறக்கலாம், நிறை குறைந்து பிறக்கலாம், நோயோடு பிறக்கலாம். வெளியே ஒரு அடையாளமும் இல்லாமல் நோய் இருக்கக்கூடும் என்பதால்தான் இரத்தம் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கு ஒரு காலத்தில் இரசம் கலந்த மருந்து கொடுத்தார்கள். நோயோடு பல்லும் போயிற்று. 1910 இல் ஜெர்மனியில் பவுல் ஏர்லிக் என்பவரும் ஜப்பானியரான ஹாத்தாவும் கண்ட சல்வர்சன் என்ற மருந்து விற்பனைக்கு வந்தது. அது ஆர்சனிக் கலந்தது. பல மாதங்கள் ஊசி போட வேண்டும். 1943 இல் அமெரிக்க டொக்டர் ஜோன் மஹோனி நாலு நோயாளிகளுக்குப் பெனிசிலின் கொடுத்துச் சுகப்படுத்தினார். அன்றிலிருந்து இது குணமாக்கக்கூடிய நோய்.

இன்று போடுவது பென்சதீன் பெனிசிலின். அளவு 24 இலட்சம் அலகு. வழக்கமாக இரண்டாகப் பிரித்து இரண்டு பக்கப் பிட்டத்திலும் போடுவார்கள். வலிக்கும், மறைக்கத் தேவையில்லை. நோய் அண்மையில் தொற்றியது என்றால் அந்த ஒரு தடவையோடு முடிந்தது. நாட்பட்டது என்றாலோ, எப்போது தொற்றியது என்று தெரியாவிட்டாலோ, கிழமைக்கு ஒன்றாக மூன்று தடவை.

ஏன் ஊசி, குளிசை போதாதா என்று அந்தத் தோழர் கேட்டார். பலரும் கேட்கும் கேள்வி. பெனிசிலின் கிருமியைக் கொல்வது அது பெருகும்போதுதான். தன் சுவரைக் கட்டவிடாமல் தடுத்துக் கொல்கிறது. சில கிருமிகள் அரை மணித்தியாலத்துக்குள் இரண்டாகும். சிபிலிஸ் கிருமி இரண்டாக ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். ஆகவே மருந்து இரத்தத்தில் நாட்கணக்காக, குறையாமல் நிற்க வேண்டும். பென்சதீன் பெனிசிலின் தசைக்குள் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, இரண்டு மூன்று கிழமைக்கு அந்த வேலையைச் செய்கிறது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஐந்து நாள் குளிசை அந்த வேலையைச் செய்யாது. புண்ணை மறைத்து ஆளை ஏமாற்றலாம். கிழமை தவறாமல் போக வேண்டும் என்று டொக்டர் சொல்வதற்கும் காரணம் இதுவே. பெரட்டில் சொல்லும் “அடுத்த கெழம” இந்த நோய்க்குப் பொருந்தாது.

இன்னும் சில விஷயங்கள். ஊசி போட்ட முதல் நாளில் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம்; கிருமிகள் சாகும்போது வருவது, ஒரு நாளில் தணியும். கர்ப்பிணிகள் அந்த நேரத்தில் வயிற்று வலி கண்டாலோ பிள்ளையின் அசைவு குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முன்பு பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். கர்ப்பிணி அல்லாதவர்களுக்கு டொக்சிசைக்கிளின் என்ற குளிசை இருக்கிறது. கர்ப்பிணிக்கு அது கூடாது. வயிற்றுப் பிள்ளையையும் சேர்த்துக் காப்பது பெனிசிலின்தான். அதனால் ஒத்துக்கொள்ளாத கர்ப்பிணிக்கு ஆஸ்பத்திரியில் வைத்து, சிறிது சிறிதாகப் பழக்கிக் கொடுப்பார்கள். பிரசவத்துக்கு ஒரு மாதமாவது முன்பு தாய்க்கு ஊசி போட்டிருக்க வேண்டும். ஊசிக்குப் பிறகு சொன்ன தேதிகளில் மறுபடி இரத்தம் பார்க்க வேண்டும். ஒரு தடவை சுகமானவருக்கு மறுபடி வராது என்று இல்லை. மனைவிக்கு மருந்து கொடுத்துக் கணவனை விட்டால், அவரிடமிருந்து திரும்பவும் தொற்றும். இருவரும் சிகிச்சையை முடிக்கும்வரை உறவைத் தவிர்க்க வேண்டும்.

எண்பது வருடமாகியும் இந்தக் கிருமி பெனிசிலினை எதிர்த்து நிற்கப் பழகவில்லை. எத்தனையோ மருந்துகள் பல கிருமிகளிடம் தோற்றுப்போன காலத்தில் இது பெரிய காரியம். மருந்து பழையது, விலை குறைந்தது, இந்த நாட்டின் அரசாங்கக் கிளினிக்கில் இலவசம். அப்படியானால் குறை எங்கே இருக்கிறது?

மருந்து இருந்தும் உழைப்பவனுக்குக் கிடைக்காமல் போன கதை ஒன்று அமெரிக்காவில் நடந்தது. அலபாமா மாநிலத்தின் மேக்கன் கவுண்டி, பருத்தி விளையும் பூமி. அடிமைகளின் பேரப்பிள்ளைகள் அங்கே வாரத்துக்கு உழுது, கடனில் பிறந்து கடனில் செத்தார்கள். 1932 இல் அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரச் சேவை அங்கே 600 கறுப்பின ஆண்களைச் சேர்த்தது. அவர்களில் 399 பேருக்குச் சிபிலிஸ் இருந்தது. நோயின் பெயரைச் சொல்லவில்லை. “கெட்ட இரத்தம்” என்றார்கள். மருந்து தராவிட்டால் நோய் மனிதனை எப்படித் தின்கிறது என்று பார்ப்பதே நோக்கம். இலவசச் சாப்பாடும், வண்டியும், செத்தால் அடக்கச் செலவும் கொடுத்தார்கள். பெனிசிலின் வந்து, நாடு முழுவதும் அதுவே சிகிச்சை என்றான பிறகும், இவர்களுக்கு மட்டும் அது போய்ச் சேராமல் பார்த்துக்கொண்டார்கள். மனைவிமாருக்குத் தொற்றியது, பிள்ளைகளும் நோயோடு பிறந்தன. பீட்டர் பக்ஸ்டன் என்ற ஊழியர் உள்ளேயிருந்து எதிர்த்துப் பார்த்து, கடைசியில் பத்திரிகைக்குச் சொன்னார். 1972 இல் செய்தி வெளிவந்த பிறகுதான் அது நின்றது. ஜனாதிபதி கிளின்டன் மன்னிப்புக் கேட்டது 1997 இல். டஸ்கிகீ ஆய்வு என்று இன்று உலகம் அறிந்தது இதுதான்.

நமது நாட்டில் அப்படி நடக்கிறது என்று நாம் சொல்லவில்லை. சொன்னால் அது பொய். இலங்கையின் கதை பெருமைப்பட வேண்டிய கதை. கர்ப்பிணி ஒவ்வொருவரையும் பதிந்து, வீடு தேடி வந்து, இரத்தம் பார்க்க வைக்கும் மருத்துவமாதுமாரின் உழைப்பால், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை உறுதிப்படுத்தியது. அந்தச் சான்று சும்மா கிடைப்பதில்லை. கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 95 பேராவது கிளினிக்குக்கு வந்திருக்க வேண்டும். 95 பேருக்காவது பரிசோதனை நடந்திருக்க வேண்டும். நோய் கண்டவர்களில் 95 பேருக்காவது சிகிச்சை கிடைத்திருக்க வேண்டும். ஒரு தடவை வாங்கிவிட்டால் என்றைக்கும் நமது என்றும் இல்லை; காப்பாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

நமது கேள்வி எளிமையானது. மிச்சம் இருக்கும் அந்த ஐந்து பேர் யார்? ரோட்டிலிருந்து ஐந்து மைல் உள்ளே இருக்கும் டிவிஷனில், பேர் போய்விடும் என்று கிளினிக்கைத் தள்ளிப்போடும் கொழுந்துக்காரியாக அவள் இருந்துவிடக் கூடாது. டஸ்கிகீயில் மருந்தை வேண்டுமென்றே மறித்தார்கள். இங்கே யாரும் வேண்டுமென்று மறிப்பதில்லை. ஒரு நாள் சம்பளமும், தூரமும், பாஷையும், வெட்கமும் சேர்ந்து மறிக்கின்றன. ஊசி கிடைக்காத பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான்.

வெட்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வடக்கிலே, குறிப்பாக வன்னியிலே, ஒரு காலத்தில் “பறங்கி” என்று ஒரு வியாதி இருந்தது. பிள்ளைகளின் உடம்பெல்லாம் புண்ணாகும். தோலோடு தோல் பட்டுத் தொற்றும். அந்தக் கிருமியை 1905 இல் கொழும்பில் வைத்துக் கண்டுபிடித்தவர் காஸ்டெல்லானி என்ற இத்தாலிய டொக்டர். அதே வருடம் பெர்லினில் சிபிலிஸ் கிருமியும் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டும் கூடப்பிறந்தவை போன்றவை. கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் பிரித்தறிய முடியாது. 1952 இலிருந்து உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெப்பும் 46 நாடுகளில் பென்சதீன் பெனிசிலினைக் கொண்டே பறங்கியை அடித்து விரட்டின. ஒரே குடும்பத்துக் கிருமி, ஒரே ஊசி. ஒன்றுக்கு ஊர் இரக்கப்பட்டது. மற்றதற்கு ஊர் முகம் சுளிக்கிறது. அந்த முகச்சுளிப்புக்குக் கிருமி பொறுப்பல்ல, நாம்தான் பொறுப்பு.

யார் யாருக்குக் கொடுத்தது என்று லயன் வாசலில் விசாரணை நடத்துபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இரத்தப் பரிசோதனை அதைச் சொல்லாது. கிருமி உடம்பில் எத்தனை வருடம் இருந்தது என்பதையும் அது சரியாகச் சொல்லாது. சில வேளை நோய் இல்லாதவருக்கும் முதல் பரிசோதனை இருப்பதுபோல் காட்டும்; அதனால்தான் இரண்டாவது பரிசோதனை செய்கிறார்கள். ஒரு துண்டுக் கடதாசியை வைத்துக்கொண்டு மனைவியை அடிப்பவன் நமது சங்கத்தின் சந்தா கட்டுபவனாக இருந்தாலும் நாம் அவன் பக்கம் நிற்கமாட்டோம்.

பாஷையைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு 1847 இல் வந்த அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிரீன், மானிப்பாயில் இருந்து வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பித்தார்; வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கினார். நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு அது முடிந்திருக்கிறது. இன்று தோட்டத்துப் பெண்ணிடம், அவளுடைய இரத்தத்தில் என்ன இருக்கிறது, எத்தனை ஊசி, எந்தத் தேதி என்பதை அவளுக்கு விளங்கும் தமிழில், வேறு காது கேளாமல் சொல்வது முடியாத காரியமா?

இனி நமது கோரிக்கைகள்.

ஒன்று, கர்ப்பிணித் தொழிலாளியின் கிளினிக் நாளுக்கு முழுப்பேர். அரைப்பேர் அல்ல, கிலோக் கணக்கும் அல்ல. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 84 நாள் லீவு தருகிறது. 2018 இல் திருத்தி, மூன்றாம் பிள்ளைக்கும் அதே 84 என்றாக்கினார்கள். நல்லது. ஆனால் அது பிரசவத்தை அண்டிய நாட்களுக்கு. நாலாம் மாதத்து ஊசி நாளுக்கும் பேர் வேண்டும். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் இதை நாம் வைப்போம்.

இரண்டு, கிளினிக்குக்குப் போகிறவரிடம் என்ன நோய் என்று பெரட்டில் கேட்கக் கூடாது. சிட்டையில் “கிளினிக்” என்ற ஒரு சொல் போதும். கணவனுக்கும் அப்படியே.

மூன்று, தோட்ட டிஸ்பென்சரியில் கதவுள்ள ஓர் அறையும், பூட்டி வைக்கும் பதிவேடும். தொழிலாளரின் வைத்தியத் தேவை தோட்டத்தின் பொறுப்பு என்று 1912 இலேயே சட்டம் எழுதியிருக்கிறார்கள். வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் ஒத்துக்கொண்ட பொறுப்பை இன்றைய கம்பனிகள் மறுக்க முடியாது.

நான்கு, பென்சதீன் பெனிசிலின் தட்டுப்பாடில்லாமல் இருக்க வேண்டும். 2022 இல் டொலர் இல்லாமல் நாடே மருந்துக்கு அலைந்ததை நாம் மறக்கவில்லை. வாதக் காய்ச்சல் வந்த பிள்ளைகளின் இருதயத்தைக் காப்பதற்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் போடுவதும் இதே ஊசிதான். விலை குறைந்த மருந்தில் கம்பனிகளுக்கு இலாபம் குறைவு. அதனால் உலகத்திலும் இதற்கு அவ்வப்போது தட்டுப்பாடு வருகிறது. அரசு முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும்.

முதலாளியிடமும் அரசிடமும் கேட்பது இவ்வளவு. நம்மிடம் நாம் கேட்பதும் உண்டு. கர்ப்பம் என்று தெரிந்தவுடன், மூன்று மாதம் முடியுமுன், மருத்துவமாதுவிடம் பதிந்து இரத்தம் கொடுக்க வேண்டும். தோட்டத் தலைவரும் மாதர் தலைவியும் இதை ஒவ்வொரு வீட்டிலும் சொல்ல வேண்டும். யாருக்கு என்ன முடிவு வந்தது என்று ஒருபோதும் கேட்கக் கூடாது. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கொழும்பிலும் கடையிலும் கட்டடத்திலும் வீட்டு வேலையிலும் நிற்கும் நமது பிள்ளைகள் ஊருக்கு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. யாழ். போதனா வைத்தியசாலையில் இருப்பதுபோல் வவுனியா, நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரி ஆகிய இடங்களிலும் அரசாங்கப் பாலியல் நோய் கிளினிக் இருக்கிறது. நேரே போகலாம். ரகசியம் காப்பார்கள். காசு இல்லை.

அந்தத் தோழர் பிள்ளை பிறந்த பிறகு ஒரு தடவை காரியாலயத்துக்கு வந்து சந்தா கட்டிவிட்டுப் போனார். போகும்போது ஒன்று சொன்னார்: “ஊசி வலி ரெண்டு நாள்ல போயிருச்சு அண்ணே. அவ நாலு நாள் பேரு போனதத்தான் இன்னும் சொல்லிக்கிட்டிருக்கா.”

ஊசி வலியை நாம் குறைக்க முடியாது. அந்த நாலு நாள் பேரை வாங்கிக் கொடுப்பது நமது வேலை.